வேண்டாப்பெட்டி

மீட்டர்காரருக்குத் தன் கால்கள்மேல் இருந்த நம்பிக்கை வேறு எதன்மேலும் இருந்ததில்லை. குடிநீர் வாரியத்தில் இருபத்துமூன்று வருட வேலை. வீடு வீடாகப் போய், மாடிப்படியின் அடியிலும் குளியலறைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. நாய் துரத்தி ஓடியது தனிக்கணக்கு. "நான் நடந்த நடைக்கு இந்த உலகத்தையே ரெண்டு சுத்து சுத்தியிருக்கலாம்" என்று யார் கிடைத்தாலும் சொல்வார். "சுத்தினது என்னவோ அதே பன்னெண்டு தெருவைத்தான்" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்.

அந்தக் கால்கள்தான் இன்று காலை ஐந்தரை மணிக்கு, எட்டாவது குடிலின் வாசற்படியில், ஷூ நாடாவைக்கூடக் கட்டவிடாமல் அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. வலது முழங்கால் வீங்கி மடங்க மறுத்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. தெருவில் நடக்கிற கால் வேறு, மலை ஏறுகிற கால் வேறு என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொன்னாள். மனைவிதான் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

நெடும்பாதை என்று அதற்குப் பெயர். மலைத்தொடரின் மேலேயே போகும் ஒற்றையடிப் பாதை. முப்பத்திரண்டு நாள் நடை, முப்பத்திரண்டு குடில்கள். ஒவ்வொரு குடிலிலும் ஒரு பதிவேடு உண்டு. தங்குகிறவர்கள் வந்த தேதியையும் மறுநாள் போகுமிடத்தையும் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் அவர் மனைவியைத் துரத்திக்கொண்டிருந்தார். அவள் கிளம்பி நான்கு நாள் கழித்துக் கிளம்பியவர் இவர். மூன்று நாட்கள் தினம் இரண்டு குடில் தூரம் நடந்து, நான்கு நாள் இடைவெளியை ஒரு நாளாகக் குறைத்திருந்தார். கணக்குப்படி அவள் நேற்றிரவு கணவாய் உச்சியில் இருக்கும் ஒன்பதாவது குடிலில் தங்கியிருப்பாள். இன்று மலையின் மறுபக்கம் இறங்கிப் பத்தாவது குடிலுக்குப் போவாள்.

இவரும் இன்றைக்கே பத்தாவது குடிலுக்குப் போயாக வேண்டும். பத்தாவது குடிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தார்ச்சாலை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே தினம் காலை ஒன்பது மணிக்கு ஒரு பேருந்து. வாரியத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு வார லீவு, அது நாளையோடு முடிகிறது. அந்தப் பேருந்தை விட்டால் வேலைக்கு ஆபத்து. இன்று அவளைப் பிடிக்காவிட்டால், சாலையைக் கடந்து அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள், இவர் இந்தப் பக்கம் பேருந்தில் ஏறிவிடுவார். மலையில் கைபேசி எடுக்காது. சொல்ல வேண்டியதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும்? அதற்குப் பதினேழு வருடம் பின்னால் போக வேண்டும்.

திருமணமாகி மூன்றாவது வருடம் அவள் எங்கிருந்தோ நெடும்பாதை வரைபடம் ஒன்றை வாங்கிவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். திரைச்சீலைக் கடையில் தையல் வேலை அவளுக்கு. பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு ஜன்னல்களுக்குத் துணி வெட்டிக்கொண்டிருப்பவளுக்கு, ஜன்னலே இல்லாத இடத்தில் நடக்க ஆசை வந்ததில் தப்பில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரு தடவை நடக்கணுங்க" என்றாள். "அதுக்கென்ன, அடுத்த வருஷம்" என்றார். அடுத்த வருடம் மகன் பிறந்தான். அப்புறம் மகனுக்குப் பரீட்சை, கூரையில் ஒழுக்கு, அலுவலகத்தில் ஆள் குறைவு. மகன் படித்து முடிக்கும் முன்பே வெளியூரில் விடுதிக்குப் போனான். காரணங்கள் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. வரைபடம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, அவள் அதைத் துணி வைத்துப் பின்னாலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தாள்.

இந்த வருடம் கடையைப் புதுப்பிக்க இரண்டு மாதம் பூட்டினார்கள். "நான் போறேன். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள். இவர் சிரித்தார். சிரித்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீயா? தனியா? முதல் மேட்டுலயே திரும்பி வந்துடுவ, பாரு" என்றார். வாய் சும்மா இருந்தால்தானே.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "சரி. இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைப்பதை நிறுத்தவுமில்லை. வீட்டுக்கு வீடு போய் ஊர்ச் சண்டை எல்லாம் கேட்டவருக்குத் தெரியும், கத்துகிற கோபம் வேறு, பாத்திரம் துடைக்கிற கோபம் வேறு என்று.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குப் பை கட்ட உதவினார். "இருக்கட்டும், உதவும்" என்று ஒவ்வொன்றாகத் திணித்தார். இரும்பு வாணலி ஒன்று. கனத்த கம்பளி ஒன்று. ரப்பர் வெந்நீர்ப் பை, இரண்டு லிட்டர் பிளாஸ்க், பெரிய டார்ச், மடக்கு நாற்காலி, நீளக் குடை. அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது. ஆனால் பாதி அக்கறை, பாதி கள்ளம். பை கனத்தால் முதல் மேட்டிலேயே திரும்பி வந்துவிடுவாள், வந்து "நீங்க சொன்னது சரிதாங்க" என்பாள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அவள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனாள்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நான்காம் நாள் மாலை மீட்டர்காரர் சமையலறையில் நின்று சுவரைப் பார்த்தார். வரைபடம் இருந்த இடத்தில் நான்கு மூலைப் பசை அடையாளம் மட்டும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பதினேழு வருடமாக எதைக் கேட்டாலும் அடுத்த வருடம் என்று சொன்ன மனிதருக்கு, அடுத்த நாள் விடிவதற்குள் மூச்சு முட்டியது. காலையில் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவசரத்தில் மழைக்கோட்டைத் தேடினால் காணவில்லை. வாரியம் கொடுத்த கனமான மஞ்சள் கோட்டு, கிழிந்த பையில் மனைவி பூப்போட்ட திரைத்துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தது. அலுவலகத்தில் எவனோ சுட்டுவிட்டான் என்று திட்டிவிட்டு, பெட்டிக்கடையில் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிக்கொண்டார்.

முதல் குடிலில்தான் வேண்டாப்பெட்டியைப் பார்த்தார். நெடும்பாதைக்காரர்களின் வழக்கம் அது. சுமை தாங்காதவர்கள் வேண்டாததைப் போட்டுவிட்டுப் போகலாம், தேவைப்படுகிறவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் வாணலி கிடந்தது. தன் வீட்டு வாணலி, கைப்பிடியில் துணி சுற்றியது. அதை அப்படியே விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை. எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது குடிலில் நாற்காலி. மூன்றாவதில் கம்பளி. நான்காவதில் பிளாஸ்க். அவள் சுமை குறையக் குறைய இவர் சுமை ஏறியது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவரை அது முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு சுட்டது.

இன்றைய ஏற்றத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒரு விளையாட்டு. எட்டாவதிலிருந்து ஒன்பதாவது குடிலுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், மொத்தமும் கணவாயை நோக்கி மேலே. முதல் இரண்டு மணி நேரம் கல் படிகள். ஒவ்வொரு படிக்கும் இடது காலை வைத்து, வலது காலை மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கி வைக்க வேண்டியிருந்தது. எண்ணுவது அவருக்குப் பழக்கம், எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டில் மூச்சு வாங்கி எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எதிரே ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி இறங்கி வந்த ஒரு பெண், அவர் பையில் தொங்கிய வாணலியையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு, "என்ன சார், மேல ஹோட்டல் தொறக்கப் போறீங்களா?" என்றாள். "ஆமாம்மா, வந்தா ஒரு டீ இலவசம்" என்றார். அவள் போனதும் கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வாய்க்கு மட்டும் வலியே கிடையாது அவருக்கு.

பத்து மணிக்கு மழை பிடித்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. பிளாஸ்டிக் உறை முதல் காற்றிலேயே கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்தது. ஒரு இடத்தில் ஓடை பெருகிப் பாதையை மூடியிருந்தது. கல் மேல் கால் வைத்தார், கல் புரண்டது, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். பை அவரைப் பின்னால் இழுத்தது. கவிழ்ந்த கரப்பான்பூச்சி கணக்காகக் கையையும் காலையும் ஆட்டி எழுந்து அக்கரை ஏறியபோது, வாணலி மட்டும் தண்ணீரில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று ஒரு கணம் நின்றார். அப்புறம் நொண்டிக்கொண்டே கரையோரமாக ஓடி அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில்தான் அவள் காலையில் அவருக்கு முட்டை போடுவாள்.

அந்த மழையில் நின்றுகொண்டு அவருக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க, சமாதானம் சொல்ல என்றெல்லாம் இல்லை. சும்மா பார்க்க வேண்டும். அவள் பற்களுக்கு நடுவே ஊசியைக் கடித்துக்கொண்டு பேசுவதைப் பார்க்க வேண்டும். இருபது வருடமாகத் தினமும் பார்த்த முகத்துக்கு இப்படி ஏங்குவது வெட்கமாகக்கூட இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் மேடு ஏற முடியுமா? ஏறினார்.

கணவாய் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. குடில்காரர் தடித்த மனிதர், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் முதுகிலிருந்து பையைக் கழற்றி உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கியில் மாட்டினார். முள் சுற்றி நின்றது. எண் தெரிந்தால் படிக்காமல் இருக்க முடியாதவர் மீட்டர்காரர்.

"இருபத்தி ஆறு கிலோ" என்றார்.

"வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா சார்? கதவு, ஜன்னல் எல்லாம் பின்னால வருதா?"

"ஒரு அம்மா ராத்திரி இங்க தங்கியிருப்பாங்களே..."

"தங்கினாங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பிட்டாங்க. நல்ல நடை அவங்களுக்கு. இந்நேரம் பத்தாவது குடில் பக்கம் போயிருப்பாங்க."

குடில்காரர் கிண்ணத்தில் சூப்பு ஊற்றிக் கொடுத்தார். மீட்டர்காரருக்குச் சூப்பு இறங்கவில்லை. கண், அறை மூலையிலிருந்த வேண்டாப்பெட்டிக்கே போனது. ஏழாவது குடில்வரை ஒவ்வொரு பெட்டியிலும் அவள் ஒன்றை விட்டிருந்தாள். அவர் திணித்ததெல்லாம் அதோடு முடிந்துவிட்டது, இனி விடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. தெரிந்தும் போய் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு மஞ்சள் மழைக்கோட்டு மடித்து வைத்திருந்தது. பிரித்தார். முதுகில் வாரியத்தின் முத்திரை, இடது பக்கப் பையில் பூப்போட்ட திரைத்துணி.

"அதா?" என்றார் குடில்காரர். "அந்த அம்மா காலையில போட்டுட்டுப் போனதுதான். நேத்து அதைக் காயப்போட்டு மடிச்சாங்க. இவ்வளவு பெரிசா இருக்கே, உங்களோடதாம்மான்னு கேட்டேன். இல்ல, வழியில ஒருத்தர் வந்து சேர்ந்துக்குவார்னு எடுத்துட்டு வந்தேன்னாங்க. காலையில பெட்டியில வைக்கறப்ப, வரமாட்டார்னு இப்பதாங்க மண்டையில ஏறுச்சுன்னாங்க. பாவம், கண்ணு கலங்கிருச்சு."

மீட்டர்காரர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கூப்பிட மாட்டேன் என்று சொன்னவள் கோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவர் அத்தனையையும் திணித்த பிறகு, அவருக்குத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் அடியில். தனக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளியை மூன்றாவது குடிலில் விட்டவள், இவர் கோட்டை ஒன்பதாவது குடில்வரை சுமந்திருக்கிறாள். ஒன்பது நாள் ஒவ்வொரு மேட்டிலும் திரும்பிப் பார்த்திருப்பாள். இவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிந்திவிட்டார். அவர் வாய்விட்டே அழுதார். குடில்காரர் பட்டாணியைப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பையைக் கொக்கியிலிருந்து இறக்கினார். வாணலி, நாற்காலி, கம்பளி, பிளாஸ்க், டார்ச், வெந்நீர்ப் பை, குடை. ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். மூடி மூடவில்லை.

"சார், என் பெட்டி தாங்காது" என்றார் குடில்காரர்.

"நானும்தான்."

"இந்த மழையில இறங்கப் போறீங்களா? பதினாலு கிலோமீட்டர். அந்தக் காலை வெச்சுக்கிட்டா? ராத்திரி தங்கிட்டுப் போங்க சார்."

"இன்னிக்கு விட்டா அப்புறம் இல்லைங்க" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் தொப்பியை நெற்றிவரை இழுத்து விட்டார். குடில்காரர் மூலையிலிருந்து ஒரு கம்பை எடுத்து நீட்டினார்.

ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். வெறும் பையோடு நடப்பது முதலில் சொகுசாக இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்கிப் பார்த்தார். பின்புறமாக இறங்கிப் பார்த்தார். இரண்டு இடங்களில் உட்கார்ந்தே சறுக்கினார். மழையும் மூடுபனியும் சேர்ந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கோட்டுக்குள் மட்டும் ஈரமே இல்லை. வீட்டுச் சோப்பு வாசனைகூட இருந்தது. மூன்றரை மணிவாக்கில், வேகமாகப் போனால் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே பனிக்குள் ஒரு உருவம் தெரிந்தது. இறங்கவில்லை, ஏறி வந்துகொண்டிருந்தது. பை இல்லை, வெறுங்கை. நெடும்பாதையில் அந்த வேளையில் பை இல்லாமல் ஏறுகிற ஆளை அவர் பார்த்ததேயில்லை.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குக் கால் நின்றுவிட்டது. ஐந்து நாள் தாடி, நெற்றியை மூடிய தொப்பி, கையில் கம்பு, ஒரு காலில் நொண்டல். எதிரே வந்தவள் முகத்தை எங்கே பார்த்தாள், கோட்டைத்தான் பார்த்தாள்.

"இதை மேல பெட்டியில எடுத்தீங்களா?" அவளுக்கு மூச்சிரைத்தது. "எடுத்தது தப்பில்லைங்க, அதுதான் வழக்கம், எனக்குத் தெரியும். ஆனா அது என் வீட்டுக்காரரோடது. காலையில ஏதோ கோவத்துல போட்டுட்டேன். மழையைப் பார்த்ததும் மனசு கேக்கல. பத்தாவது குடில்ல பையைப் போட்டுட்டு, இதை எடுக்கத்தான் திரும்பி வந்தேன். நீங்க இப்ப கழட்ட வேண்டாம், நனைஞ்சுடுவீங்க. குடிலுக்குப் போனதும் குடுத்தாப் போதும். குடுத்துடுவீங்கல்ல?"

சொல்ல வேண்டும் என்று மீட்டர்காரர் ஐந்து நாளாக மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. கை மட்டும் தானாகப் போய்த் தொப்பியைத் தள்ளியது.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மழைத்தண்ணீர் அவள் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"திரும்பி வந்துடுவேன்னு சொன்னீங்கள்ல" என்றாள். "வந்துட்டேன் பாருங்க."

"நான்... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாணலி, கம்பளி எல்லாம்... நான் வேணும்னேதான் வெச்சேன். நீ தூக்க முடியாம வந்துடணும்னு."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாணலியைப் பார்த்தப்பவே தெரியும். மலைக்கு எவனாவது வாணலி குடுத்து அனுப்புவானா?" அவள் கையை நீட்டி அவர் தலையில் தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்துப் பித்தானை மாட்டினாள். "எத்தனை நாள் லீவு?"

அவருக்குப் பொய் சொல்ல வேண்டும் போலிருந்தது. "நாளையோட முடியுது. காலையில ஒன்பது மணிக்கு பஸ்."

அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. திரும்பிப் பாதையைப் பார்த்தாள்.

"அப்ப இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு" என்றாள். "வாங்க."

அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார். மழை தூறலாகியிருந்தது. பதினேழு வருடத்துக்கு ஆறு கிலோமீட்டர் என்று அவர் மனம் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது, போட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணவில்லை. காலையிலிருந்து ஓடி ஓடி வந்த மனிதர் இப்போது ஒவ்வொரு அடியையும் தயங்கித் தயங்கி வைத்தார். வளைவுகளில் நின்றார். இல்லாத கல்லை ஷூவிலிருந்து உதறினார்.

சற்றுத் தூரம் போன அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இவ்வளவு மெதுவா வர்றீங்க. கால் வலிக்குதா?"

"ஆமா" என்றார்.

வலித்தது உண்மைதான். ஆனால் அதற்காக இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவளும் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.